ஃபெல்ட்டை எப்படிப் பார்ப்பது? – பாய்ஸ், மோரிஸ், கிர்கிஸ் கம்பளம்

போன மார்கழியில் ஒரு தப்பு செய்தேன். அப்பாவின் ஸ்வெட்டரைத் தூக்கி வாஷிங் மெஷினில் போட்டேன்.

அப்பா ரயில்வேயில் ஜான்சியில் இருந்த காலத்தில் அம்மா கையால் பின்னியது. சாம்பல் நிறம், சுத்தமான கம்பளி. அவர் போன பிறகு பீரோவில் நாப்தலின் உருண்டைகளோடு கிடந்தது. அந்த வாடை போகட்டுமே என்று மற்ற துணிகளோடு சேர்த்து 60 டிகிரி சூட்டில் ஓடவிட்டேன். முடிந்ததும் எடுத்துப் பார்த்தால், எட்டு வயதுப் பையனுக்குக்கூடப் பற்றாத, தடித்து விறைத்த ஒரு வஸ்து. இழுத்துப் பார்த்தேன். நனைத்து இழுத்தேன். இணையத்தில் தேடி, தலைக்குப் போடும் கண்டிஷனரில் ஊற வைத்தும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பிழைப்புக்கு நிரல் எழுதுபவன் நான். எதைச் செய்தாலும் முந்தைய நிலைக்குத் திரும்ப ஒரு வழி இருக்கும் என்ற நம்பிக்கையிலேயே இருபது வருடம் ஓட்டியவன். இங்கே அந்த வழி இல்லை. ஏன் இல்லை என்று படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் குறிப்புகளின் தொடக்கம். கல்வெட்டு, பழைய வரைபடம் என்று எதிர்பார்த்து வந்த வழக்கமான வாசகர்கள் இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ளவும். படிப்பு எங்கெங்கோ போய்க் கடைசியில் யோசெஃப் பாய்ஸிடம் கொண்டுவிட்டது. அவரைப் பற்றி எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது.

முதலில், பொருள்

ஃபெல்ட்டுக்கு நம்மிடம் சொந்தச் சொல் இல்லை. பொருள் மட்டும் எல்லார் கையிலும் பட்டிருக்கும். வகுப்பறையில் கரும்பலகை துடைத்த டஸ்டரின் அடியில் இருந்தது அதுதான். கம்பளித் தொப்பி பலதும் அதுதான். காஷ்மீர் நம்தாவும் அதுதான். நம் ஊர்க் கம்பளி வேறு: அது நூலாக நூற்றுத் தறியில் நெய்வது. ஃபெல்ட்டுக்கு நூலும் வேண்டாம், தறியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். கத்தரித்த ஆட்டு மயிரைப் பஞ்சு மாதிரி பிரித்து அடுக்கி, வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்து உருட்டினால் துணியாகிவிடும்.

காரணம் மயிரின் மேல்தோலில் இருக்கிறது. ஆட்டு மயிர் ஒவ்வொன்றின் மேலும் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி செதில்கள் அடுக்கியிருக்கும். எல்லாம் நுனியைப் பார்த்துச் சாய்ந்தவை. அதனால் இழை ஒரு திசையில் எளிதாக நகரும், எதிர்த்திசையில் மாட்டிக்கொள்ளும். வெந்நீரும் சோப்பும் சேர்ந்தால் இழைகள் நெகிழ்ந்து நகர ஆரம்பிக்கும். தேய்க்கத் தேய்க்க ஒவ்வொன்றும் முன்னால் போகுமே தவிரப் பின்னால் வராது. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து முறுக்கி இறுகிவிடும். பருத்திக்கு இந்தச் செதில் கிடையாது. பருத்தியை எவ்வளவு தேய்த்தாலும் அழுக்குதான் போகும்.

ஒரு திருத்தம். என் ஸ்வெட்டருக்கு நடந்தது கறாராகச் சொன்னால் ஃபெல்ட் அல்ல. தளர்ந்த மயிரிலிருந்து நேரடியாகச் செய்வதுதான் ஃபெல்ட். ஏற்கெனவே பின்னிய, நெய்த துணியைச் சுருக்கி இறுக்குவதற்குத் தொழிலில் வேறு பெயர் உண்டு. ஆனால் உள்ளே நடக்கும் காரியம் ஒன்றேதான்.

இதைக் கையால் செய்து பார்க்காமல் எழுதக் கூடாது என்று தோன்றியது. முதலில் ஸ்டேஷனரி கடையில் "ஃபெல்ட் ஷீட்" என்று விற்பதை வாங்கிவந்து வெந்நீரில் தேய்த்தேன். ஒரு மில்லிமீட்டர்கூடச் சுருங்கவில்லை. மூலையைக் கொளுத்தியதும் புரிந்தது: உருகிக் குண்டுமணியாக நின்றது. பாலியெஸ்டர். கம்பளி என்றால் தலைமுடி கருகும் நாற்றம் வரும். பிறகு நிஜமான மெரினோ மயிர் வரவழைத்து நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் பால்கனியில் உருட்டினேன். முதல் இரண்டும் ஓட்டையோடு வந்தன. மூன்றாவது ஒரு கைக்குட்டை அளவு தேறியது. என் மகள் அதை "அப்பாவோட தோசை" என்றாள்.

எண்ண முடிந்ததும் எண்ண முடியாததும்

இனி விஷயத்துக்கு வருகிறேன். நெய்த துணியைப் பார்த்தால் அதை எப்படிச் செய்தார்கள் என்று திரும்பப் படிக்க முடியும். பாவு எத்தனை, ஊடை எத்தனை, எந்த இழை எதன் மேல் ஏறிப் போகிறது, எல்லாமே கண்ணுக்குத் தெரியும். பூதக்கண்ணாடி இருந்தால் போதும், இயங்கும் நிரலிலிருந்து மூல நிரலைத் திரும்ப எழுதுகிற மாதிரி அந்தத் துணியைத் திரும்ப எழுதிவிடலாம். முடிச்சும் அப்படித்தான். மிருணாளினி முகர்ஜி பரோடாவில் கே.ஜி. சுப்பிரமணியனிடம் படித்துவிட்டு, சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆளுயரத்துக்கு மேல் எழுப்பிய சிற்பங்கள் இருக்கின்றன: 1984இல் செய்த 'யக்ஷி' மாதிரி. முன்கூட்டி வரைந்துகொள்ளாமலே செய்தவை என்பார்கள். படத்தில் பார்த்தால்கூட அவர் கை எந்தப் பக்கம் போய் எங்கே திரும்பியது என்று கண் பின்தொடர்கிறது. அந்தச் சிற்பத்தின் மிரட்டலில் பாதி, அத்தனை முடிச்சையும் ஒரு மனுஷி போட்டிருக்கிறாள் என்று நமக்குத் தெரிவதில்தான் இருக்கிறது.

ஃபெல்ட் இதைக் கொடுக்காது. முடிந்த ஃபெல்ட்டைப் பார்த்து அதன் வரலாற்றைப் படிக்க முடியாது. எண்ண எதுவும் இல்லை. இதன் விளைவை ஒரே கல்லறையில் பார்க்கலாம். தென் சைபீரியாவில் அல்தாய் மலையில் பஸிரிக் என்ற இடத்தில் பனியில் உறைந்த கல்லறை மேடுகளை செர்கேய் ருதென்கோ தோண்டினார். 1949இல் ஐந்தாவது மேட்டில் கிடைத்தவற்றில் ஒன்று, இன்றைக்கு நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது என்று சொல்லப்படும் முடிச்சுக் கம்பளம். எந்தக் கம்பளப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் அத்தியாயத்தில் அது இருக்கும்: சதுர டெசிமீட்டருக்குச் சுமார் 3,600 முடிச்சு என்ற எண்ணோடு. அதே மேட்டில் ஒரு சுவரையே மறைக்கும் அளவுக்குப் பெரிய ஃபெல்ட் திரை ஒன்று கிடைத்தது. அமர்ந்திருக்கும் ஒரு தெய்வத்தின் முன்னால் குதிரை வீரன் வந்து நிற்கும் காட்சி, திரும்பத் திரும்ப. கூடவே ஃபெல்ட்டில் செய்து உள்ளே அடைத்த அன்னங்கள். எல்லாமே ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் கம்பளத்துக்குக் கிடைத்த புகழில் கால்வாசிகூட அன்னத்துக்குக் கிடைக்கவில்லை.

அந்த அன்னத்தின் படத்தை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெள்ளை ஃபெல்ட் உடம்பு. அலகும் இறகும் வேறு நிறத் துண்டுகளாக வெட்டித் தைத்தவை. உடம்பு கொழுகொழுவென்று, கழுத்து மட்டும் நிமிர்ந்து. செய்தவருக்கு அன்னம் எப்படித் தண்ணீரில் உட்காரும் என்று தெரிந்திருக்கிறது. அதைவிட, ஃபெல்ட் எங்கே வளையும், எங்கே விறைக்கும் என்று தெரிந்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகிறது. செய்தவர் யார், எதற்காக, யாருக்காக என்று சொல்ல ஒரு வரி எழுத்து மிஞ்சவில்லை. அப்படியும் அது பேசுகிறது.

எண்ண முடியாத பொருள் கிடைத்தால் நாம் என்ன செய்வோம்? கதை சொல்லுவோம். ஃபெல்ட் கலை பற்றி எழுதப்பட்டதில் நான் படித்த வரைக்கும் பெரிய நோய் இதுதான். அந்த நோயின் தலைமைப் பீடம் பாய்ஸ்.

பாய்ஸின் கதை

யோசெஃப் பாய்ஸ் (1921–1986) ஜெர்மானியர். ஃபெல்ட் என்ற பொருளை இருபதாம் நூற்றாண்டின் கலைக்கூடங்களுக்குள் கொண்டுவந்தவர் யார் என்று கேட்டால் முதலில் வரும் பெயர். கல்லூரி முடித்த புதிதில் அவருடைய கதையை ஒரு பத்திரிகையில் படித்து ஆடிப்போயிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்தார். 1944 மார்ச்சில் கிரிமியாவில் அவர் இருந்த விமானம் விழுந்தது. பனியில் கிடந்த அவரைத் தாத்தார் நாடோடிகள் கண்டெடுத்து, உடம்பில் கொழுப்புத் தடவி, ஃபெல்ட்டில் சுற்றி உயிர் கொடுத்தார்கள். அதனால்தான் வாழ்நாள் முழுக்க அவர் கலையில் கொழுப்பும் ஃபெல்ட்டும். 1979இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் நடந்த பெரிய கண்காட்சிக்காக கரோலின் டிஸ்டால் தயாரித்த நூல் வழியாக இந்தக் கதை உலகமெல்லாம் போனது.

விமானம் விழுந்தது நிஜம். விமானி இறந்ததும் நிஜம். ஆனால் விழுந்த மறுநாளே பாய்ஸ் ஜெர்மானிய ராணுவ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாக ஆவணம் சொல்கிறது. நாடோடிக் கூடாரத்தில் நாள் கணக்கில் கிடப்பதற்கு இடமே இல்லை. 1980 ஜனவரியில் ஆர்ட்ஃபோரம் இதழில் பெஞ்சமின் புக்லோ இந்தக் கதையை உரித்துப் போட்டார். போரில் எந்தப் பக்கம் நின்றோம் என்பதை மறக்க உதவும் கட்டுக்கதை என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதைப் படித்தபோது எனக்கு ஏமாந்துபோன கோபம் வந்தது. முன்பு ப்ராஜெக்ட் வேலையாகப் பாரிஸ் போயிருந்தபோது ஒரு ஞாயிறு மத்தியானம் பொம்பிடு மையத்தில் பாய்ஸின் 'பிளைட்' முன்னால் நின்று கண் கலங்கியவன் நான். அந்தக் கண்ணீர் எதற்காக? தாத்தார் கூடாரத்துக்காகவா? நான் சொன்ன பழைய கணக்கு இதுதான்.

கதையில் இன்னொரு முள்ளும் இருக்கிறது. புக்லோவின் வாதத்தைவிட என்னை அதிகமாகக் குத்தியது அது. பாய்ஸின் விமானம் விழுந்தது மார்ச் 1944. அதே ஆண்டு மே மாதம், ஸ்டாலினின் ஆணைப்படி, கிரிமியத் தாத்தார்கள் கிட்டத்தட்ட 2 லட்சம் பேர் சில நாட்களுக்குள் ரயிலில் ஏற்றப்பட்டு மத்திய ஆசியா முதலான இடங்களுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். ஏராளமானோர் வழியிலும் போன இடத்திலும் செத்தார்கள். உலகமே அறிந்த அந்த ஃபெல்ட் கதையில் தாத்தார்கள் வருவது ஒரு ஜெர்மானியனைக் காப்பாற்றுவதற்கு மட்டும்தான். இரண்டே மாதத்தில் அவர்களைச் சுற்றி மூட யாரும் வரவில்லை என்பது கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

கதையைக் கழித்தால் மிச்சம் என்ன?

அதற்காகப் பாய்ஸை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடலாமா? புக்லோ கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறார். நான் அங்கே அவரோடு போகவில்லை. கதை பொய் என்பதால் கதை ஒட்டப்பட்ட பொருளும் பொய் ஆகிவிடாது. கதையைக் கழித்துவிட்டு ஒவ்வொரு படைப்பாகப் பார்க்க வேண்டும். சில நிற்கும், சில விழும்.

'பிளைட்' 1985இல் லண்டனில் ஒரு கலைக்கூடத்துக்காகச் செய்தது. அறைச் சுவர்கள் முழுக்கப் பெரிய பெரிய ஃபெல்ட் உருளைகள், இரண்டு அடுக்காக. நடுவில் ஒரு பெரிய பியானோ. அதன் மேல் ஒரு கரும்பலகை, ஒரு தெர்மாமீட்டர். அவ்ளோதான். கிட்டப் போனதும் சத்தம் செத்துப்போகிறது. பக்கத்தில் நிற்பவரின் செருப்புச் சத்தம்கூடத் தூரத்தில் கேட்கிற மாதிரி ஆகிவிடும். காதில் கை வைத்து அழுத்திய மாதிரி ஒரு மௌனம், கூடவே ஒரு கதகதப்பு. பாதுகாப்பாக இருக்கிறோமா, மூச்சு முட்டுகிறதா என்று உடம்பால் தீர்மானிக்க முடியவில்லை. இதற்குக் கிரிமியா தேவையே இல்லை. ஃபெல்ட் சூட்டையும் சத்தத்தையும் விழுங்கும் என்ற ஒரே உண்மையிலிருந்து இது முழுக்க எழுகிறது. அன்றைக்குக் கண் கலங்கியதற்கு வெட்கப்பட வேண்டாம் என்று இப்போது நினைக்கிறேன்.

1966இல் செய்த இன்னொன்று: ஒரு பெரிய பியானோவை முழுக்கச் சாம்பல் ஃபெல்ட்டால் உறை தைத்து மூடி, பக்கத்தில் ஒரு சிவப்புச் சிலுவை. வாயடைத்த பியானோ, காயம்பட்ட பியானோ என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். நான் படித்தவற்றில் யாரும் சொல்லாத ஒன்று எனக்குப் பொருளைப் படிக்கும்போது பட்டது. பியானோவுக்குள் கம்பியை அடிக்கும் சுத்தியல்களின் தலை ஃபெல்ட். பாரிஸில் இருந்த பாப் என்ற பியானோ செய்பவர் 1826இல் அதற்கு உரிமம் வாங்கினார். அதற்கு முன் தோல் சுற்றிய சுத்தியல்தான் வழக்கம். நாம் பியானோவின் நாதம் என்று அறிந்திருக்கும் அந்த முழுமையான ஒலி ஃபெல்ட் கொடுத்தது. உள்ளே ஒலிக்க வைக்கும் பொருளே வெளியே ஊமையாக்குகிறது. பாய்ஸ் இதை நினைத்தாரோ இல்லையோ, படைப்பு இதைத் தாங்குகிறது. இதைக் காண நமக்குப் பொருளைத் தெரிந்திருந்தால் போதும்.

விழுவது எது? அவருடைய மிகப் பிரபலமான 'ஃபெல்ட் கோட்டு' என்றுதான் சொல்லுவேன். 1970, மொத்தம் 100 பிரதிகள். அவருடைய சொந்தக் கோட்டு, பேன்ட்டின் அளவை வைத்து, கையையும் காலையும் நீளமாக்கி, பொத்தான் இல்லாமல் தைத்தது. ஹாங்கரில் தொங்கும். உடல் சூட்டை மட்டும் சொல்லவில்லை, ஆன்மிக வெப்பத்தையும் சொல்கிறேன் என்ற பொருளில் பாய்ஸ் விளக்கியிருக்கிறார். விளக்கம் இல்லாமல் பார்த்தால் எனக்கு அது ஒரு கோட்டுதான். அந்த ஃபெல்ட் ஆலையிலிருந்து வந்த தாள், தையற்காரரின் வெட்டு. ஃபெல்ட்டை உடம்பின் வடிவத்துக்கே தையல் இல்லாமல் உருட்டி எடுக்க முடியும். தொப்பி செய்பவர்கள் தினமும் செய்வது. அந்தச் சாத்தியத்தைத் தொடாமல், நெய்த துணியை வெட்டுகிற மாதிரி வெட்டித் தைத்திருக்கிறார். பொருள் செய்ய வேண்டிய வேலையைக் கதை செய்கிறது.

அந்தக் கோட்டுக்கு ஒரு பின்கதை உண்டு. லண்டன் டேட் வாங்கி வைத்திருந்த பிரதியில் அந்துப்பூச்சி புகுந்துவிட்டது. காப்பாற்ற முடியாத அளவுக்கு அரித்து, 1995இல் சேகரிப்பிலிருந்தே அதை நீக்கிவிட்டார்கள். அந்துப்பூச்சியின் புழுவுக்குக் கிரிமியாவும் தெரியாது, ஆன்மிக வெப்பமும் தெரியாது. அதற்கு அது ஆட்டு மயிர். அந்த ஒரு பிரதியை நேர்மையாகப் பார்த்தது அந்தப் புழுதான் என்று எழுதினால் கலை படித்த நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

மோரிஸின் கத்தி

பாய்ஸுக்கு நேர் எதிர்ப் பக்கம் அமெரிக்கரான ராபர்ட் மோரிஸ் (1931–2018). இவரும் கொஞ்ச காலம் பொறியியல் படித்தவர், அதனால் எனக்கு ஒரு சொந்தம். 1967இலிருந்து தடித்த ஆலை ஃபெல்ட்டை எடுத்து, நேர்கோடுகளாகக் கீறி, சுவரில் மாட்டித் தொங்க விட்டார். எப்படித் தொங்குகிறதோ அதுதான் சிற்பம். 1968 ஏப்ரலில் ஆர்ட்ஃபோரத்தில் எழுதிய கட்டுரையில், உருவத்தை முன்கூட்டித் தீர்மானிப்பதை விட்டுவிட்டுப் பொருளையும் புவியீர்ப்பையும் வேலை செய்ய விட வேண்டும் என்று வாதிட்டார்.

கதை சுத்தமாக இல்லை. நிம்மதியாக இருக்கிறது. மேலும், ஃபெல்ட்டை வெட்டினால் விளிம்பு பிரியாது என்ற குணத்தை மோரிஸ் அளவுக்குப் பயன்படுத்தியவர் குறைவு. நெய்த துணியில் அப்படிக் கீறினால் ஓரமெல்லாம் நூல் நூலாகத் தொங்கும். இங்கே ஒவ்வொரு கீறலும் சுத்தமான உதடு மாதிரி திறந்து தொங்குகிறது. கனம் கீழே இழுக்க, விறைப்பு எதிர்த்து நிற்க, இரண்டும் சமரசம் ஆகும் இடத்தில் வளைவு விழுகிறது. ஒரு முறை கழற்றி மறுமுறை மாட்டினால் அதே வளைவு வராது.

குறை ஒன்று உண்டு. அந்த இடத்தில் தடித்த ரப்பர் தாளை வைத்தால் என்ன குறையும் என்று கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் குறையும், நிறையக் குறையாது. ஆலையில் முடிந்து வந்த தாளிலிருந்துதான் மோரிஸுக்குக் கதை தொடங்குகிறது. மயிர் தாளாவது வரைக்கும் நடந்தது அவருக்கு வெளியே. பொருளைப் பேச விட்டேன் என்று சொல்பவர் அதன் பேச்சின் இரண்டாம் பாதியை மட்டும்தான் கேட்டிருக்கிறார்.

தத்துவவாதியின் ஃபெல்ட்டும் பாட்டியின் ஃபெல்ட்டும்

ஃபெல்ட் பற்றிப் பேசும் எல்லாரும் மேற்கோள் காட்டும் இன்னொரு இடம், டெல்யூஸும் கத்தாரியும் 1980இல் வெளியிட்ட 'ஆயிரம் பீடபூமிகள்' நூலின் ஓர் அத்தியாயம். நெய்த துணிக்குப் பாவு, ஊடை, ஓரம், அளவு எல்லாம் உண்டு. அது அரசு மாதிரி. ஃபெல்ட்டில் இழைகள் திசையில்லாமல் சிக்கிக்கொள்கின்றன, எந்தப் பக்கமும் வளரலாம். அது நாடோடி மாதிரி. துணிக்கு எதிரானது ஃபெல்ட் என்பது அவர்கள் வாதம். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. நானும் மயங்கினேன், பால்கனியில் என் கையில் ஓட்டை விழுகிற வரைக்கும்.

ஓட்டை ஏன் விழுந்தது? மயிரைத் திசை பார்க்காமல் குவித்ததால். சரியான முறையில், முதல் அடுக்கை நீளவாக்கில் மெல்லிசாகப் பரப்ப வேண்டும், அடுத்ததைக் குறுக்குவாக்கில், மூன்றாவது மறுபடி நீளவாக்கில். பாவும் ஊடையும் இங்கேயும் இருக்கின்றன. முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகின்றன, அவ்வளவுதான். எந்தப் பக்கம் உருட்டுகிறோமோ அந்தப் பக்கம் அதிகம் சுருங்கும். அதனால் சதுரம் சதுரமாகவே வர வேண்டுமானால் திருப்பித் திருப்பி உருட்ட வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சுருங்கும் என்று கணக்குப் போட்டுப் பெரிதாக அடுக்க வேண்டும். இவ்வளவு கணக்கும் கையில் இருப்பவருக்கு அது திசையற்ற வெளி கிடையாது. முடிந்த பொருளை மட்டும் பார்த்த தத்துவவாதிக்கு அப்படித் தெரிந்திருக்கிறது.

இந்தக் கணக்கு இன்றும் உயிரோடு இருக்கும் இடங்களில் ஒன்று கிர்கிஸ்தான். அங்கே இரண்டு வகைக் கம்பளங்கள் உண்டு. ஒன்று அலா கியீஸ்: பாதி இறுகிய ஃபெல்ட்டின் மேல் சாயமிட்ட மயிரை வைத்து உருவம் போட்டு, நாணல் பாயில் சுருட்டி மொத்தமாக உருட்டுவது. உருவத்தின் ஓரங்கள் தண்ணீரில் கரைந்த மாதிரி மங்கி வரும். வரைந்தது ஒன்று, வருவது கொஞ்சம் வேறொன்று. எவ்வளவு நகரும் என்று தெரிந்தே வரைகிறார்கள்.

இன்னொன்று சிர்தாக். இதைப் பார்த்தபோது தொழில்முறையில் எனக்குப் பொறாமையே வந்தது. இரண்டு நிறத்தில் இரண்டு ஃபெல்ட் தாள்களை ஒன்றன் மேல் ஒன்று வைத்து, ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி சுருளும் உருவத்தை ஒரே வெட்டாக வெட்டுவார்கள். பிறகு சிவப்பிலிருந்து விழுந்த துண்டைக் கறுப்பின் பள்ளத்திலும், கறுப்பிலிருந்து விழுந்ததைச் சிவப்பின் பள்ளத்திலும் பொருத்தித் தைப்பார்கள். ஒரே வெட்டில் இரண்டு கம்பளம், ஒன்றின் உருவம் மற்றதன் பின்னணி. துண்டு வீணாவதில்லை. பார்க்கும்போது எது உருவம் எது தரை என்று கண் மாறி மாறி ஏமாறும். வெட்டினால் பிரியாது என்ற மோரிஸின் அதே குணம்தான் இது. அவருக்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அதை இந்த உயரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஃபெல்ட் செய்வதும் வெட்டுவதும் தைப்பதும் ஒரே கைகள். கேட்கும் பேச்சு முழுப் பேச்சு.

2012இல் யுனெஸ்கோ இந்த இரண்டு கலைகளையும் அவசரமாகக் காப்பாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. செய்பவர்கள் பெரும்பாலும் கிராமத்து வயதான பெண்கள், இளையவர்கள் வருவதில்லை, மலிவான செயற்கைக் கம்பளங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன. பாய்ஸின் 100 கோட்டுகளில் ஒவ்வொன்றும் இப்போது எங்கே இருக்கிறது என்று தேடிப் போகும் ஆய்வாளர்கள் கிடைப்பார்கள். ஒரு சிர்தாக்கைச் செய்தவள் பெயர் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. அருங்காட்சியக அட்டையில் "கிர்கிஸ்" என்று இருக்கும். கதை சொல்லத் தெரிந்தவனுக்குப் பெயர், கணக்குத் தெரிந்தவளுக்கு இனம். எழுதுகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. எண்ண முடியாததைப் பார்த்ததும் கதை தேடிப் போவது நாம்தான்.

அம்மா பார்த்தது

அப்படியென்றால் ஃபெல்ட்டை எப்படித்தான் படிப்பது? எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை.

ஸ்வெட்டர் விஷயத்தை அம்மாவிடம் ஒரு வாரம் மறைத்து வைத்திருந்தேன். கடைசியில் ஒரு நாள் கையில் கொடுத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தடவிப் பின்னலைத் தேடினாள். ஒரு கண்ணிகூடத் தெரியவில்லை, எல்லாம் மூடிவிட்டது. பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். அக்குள் பக்கம் கையை உடம்போடு சேர்த்துத் தைத்த இடம் மட்டும் மேடாக, கயிறு மாதிரி நின்றது.

"இது நான் ஊசியில தைச்சது. தெரியுது பாரு." கொஞ்சம் நேரம் கழித்து, "இடது பக்கம் ரெண்டு வரிசை கம்மியா போட்டிருப்பேன். உங்க அப்பாவுக்கு இடது தோள் இறக்கம். கடைல வாங்கினா ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும்."

அளந்து பார்த்தேன். இவ்வளவு சுருங்கியும் இடது தோள் வலதைவிட ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் குறைவாகவே இருந்தது. அப்பாவுக்குத் தோள் இறக்கம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு ஃபெல்ட் எதைப் பார்த்தாலும் மூன்று இடங்களைப் பார்க்கிறேன்: ஓரம், தடிமன், தையல். ஓரம் வெட்டியதா, தானாக முடிந்ததா. தடிமன் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது, அது வேண்டுமென்றே செய்ததா. துண்டும் துண்டும் சேரும் இடத்தில் கை என்ன முடிவெடுத்திருக்கிறது. இந்த மூன்றிலும் ஒன்றும் சொல்லாமல், பக்கத்தில் ஒட்டிய அட்டையில் மட்டும் பேசும் ஃபெல்ட் படைப்புகளை இப்போதெல்லாம் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். பஸிரிக் அன்னம் இந்தப் பரீட்சையில் தேறுகிறது. சிர்தாக் முதல் வகுப்பு. மோரிஸ் தேறுகிறார். பாய்ஸ் சில தாளில் தேறி, சில தாளில் போகிறார்.

வெட்டினால் பிரியாது என்பதால் ஸ்வெட்டரை வெட்டி ஏதாவது செய்துகொள்ளலாம் என்று மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சிர்தாக் மாதிரி இன்னொரு நிறத்தோடு சேர்த்து வெட்டலாம் என்று அவளுக்குப் படம் காட்டியது நான்தான். அம்மா "உங்க இஷ்டம்" என்றுவிட்டாள். இன்னும் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. தோள் இருக்கும் பகுதியை விட்டுவிட்டு மற்றதை வெட்டலாமா என்று யோசனை. பீரோவில் புது நாப்தலின் உருண்டைகள் போட்டு வைத்திருக்கிறேன். அந்துப்பூச்சி பற்றி இவ்வளவு படித்த பிறகு அந்த வாடை அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

அடுத்த குறிப்பு பழையபடி வரைபடங்கள் பற்றித்தான். காஷ்மீர் நம்தாவோ டோங்க் நம்தாவோ செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். முக்கியமாக, ஓரத்தை எப்படி முடிக்கிறார்கள் என்று.